தரவிறக்கப் பாட்டுக் கடை: வாசகர் கேள்வியும் எங்கள் பதிலும்

பாட்டைக் கசெட்டாகவும் இறுவட்டாகவும் விற்ற காலம் போய்விட்டது. இணையத்தில் தரவிறக்கமாக விற்பது எப்படி என்று மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்ட இடத்தில் ஒரு கேள்வியை மட்டும் வைத்திருக்கிறோம்.

கேள்வி (கல்லடி): நாலு பேர் சேர்ந்து சொந்தமாக எழுதி, இசையமைத்து 8 பாட்டுப் பதிந்திருக்கிறோம். யூடியூபில் போட்டால் போதும், காசு கொடுத்து யார் தரவிறக்குவான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். விற்பதில் அர்த்தம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, ஆனால் யாருக்கு விற்கிறீர்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். நீளக் காணொலி வழியே யூடியூப் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரரும், 12 மாதத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். எட்டுப் பாட்டு மட்டும் உள்ள புதுக் குழுவுக்கு அது நெடுந்தூரம். தரவிறக்கத்தில் கணக்கு வேறு. தொகுப்பை 800 ரூபாவுக்கு 50 பேர் வாங்கினாலே 40,000 ரூபா. அந்த 50 பேர் உங்கள் ஊரார், கூடப் படித்தவர்கள், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவுகள். அவர்கள் பாட்டை மட்டும் வாங்குவதில்லை. உங்களை ஆதரிக்கிறோம் என்றுதான் வாங்குகிறார்கள். அவர்களைக் கணக்கில் எடுத்து விலை வையுங்கள்.

இரண்டு பாட்டை யூடியூபில் முழுதாகப் போடுங்கள். மற்ற ஆறுக்கும் 40 விநாடித் துண்டு போதும். காணொலியின் கீழே, முதல் வரியிலேயே, கடை லிங்கை வையுங்கள். பத்தாவது வரியில் வைத்தால் போனில் அதை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. முதல் வருடமே இதில் குடும்பம் நடத்தலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அடுத்த ஒலிப்பதிவுச் செலவைப் பாட்டே தேடித் தந்தால் அது நல்ல ஆண்டு.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): வசந்தன் கூத்துப் பாடல்களைப் பதிந்தோம். ஸ்டூடியோவில் கேட்டபோது நன்றாக இருந்தது. எம்பி3 ஆக்கிய பிறகு சல்லரிச் சத்தம் மணலைக் கொட்டியதுபோல் கேட்கிறது. என்ன கோளாறு? எந்த வடிவில் விற்பது?

பதில்: சல்லரியை அடித்த அந்தக் கணம் ஊசிமுனைபோலக் கூரானது. எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டாக வெட்டி, காதுக்குத் தேவையில்லை என்று கருதுவதைக் கழிக்கிறது. ஒரு விநாடி ஒலிக்கு ஒதுக்கும் பிட் அளவு குறையும்போது அந்தக் கூர் துண்டு முழுவதும் பரவி, அடிக்கு முன்னாலும் பின்னாலும் 'சரசர' என்று கரைகிறது. மத்தளத்தின் தொப்பியில் அவ்வளவு தெரியாது, சல்லரியிலும் தாளத்திலும் உடனே தெரியும். நீங்கள் விநாடிக்கு 128 கிலோபிட்டில் மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். 320க்கு மாற்றிக் கேளுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு பிட் அளவில் இல்லை. பதியும்போதே மைக் சல்லரிக்கு அருகில் இருந்து ஒலி உடைந்திருக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒலியை உச்சத்துக்குத் தள்ளி, கோப்பு தாங்கும் எல்லையான 0 டெசிபலில் முட்டவிட்டால், எம்பி3 ஆகும்போது உச்சம் அதையும் தாண்டி உடையும். உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். மொத்தச் சத்தம் மைனஸ் 14 லூஃப்ஸ் (பாட்டு முழுவதன் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவில் இருந்தால் போதும். ஸ்பொட்டிஃபை சாதாரணமாகப் பாட்டுகளைச் சமப்படுத்தும் அளவும் அதுதான். அதைவிடக் கூட்டி வைத்தால் அங்கே எப்படியும் குறைத்துவிடுவார்கள். உங்களுக்கு மிஞ்சுவது நசுங்கிய ஒலி மட்டும்தான்.

அளவுக் கணக்கு இது. இறுவட்டுத் தரத்து வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட். அதே ஒலியை ஒன்றும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக், பாட்டைப் பொறுத்து அதில் பாதியோ சற்றுக் கூடவோ வரும். 320 எம்பி3 நிமிடத்துக்கு 2.4 மெகாபைட், 128 என்றால் ஒரு மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 5 நிமிடப் பாட்டு வேவில் 50க்கு மேல், 320இல் 12. வாங்குபவருக்கு 320 எம்பி3ஐயும் ஃபிளாக்கையும் தனித்தனியே கொடுங்கள், எதை எடுப்பது என்பது அவர் விருப்பம். இங்கே பிரீபெய்ட் டேட்டாவில் இறக்குபவர் ஃபிளாக்கைத் தொடமாட்டார். வெளிநாட்டில் நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர் அதைத்தான் கேட்பார்.

விடியவிடிய ஆடிய முழுக் கூத்தை ஒரு மைக்கில் பதிந்திருந்தால் அதை மோனோவாகவே வையுங்கள். ஒரே ஒலியை இரண்டு பக்கமும் எழுதுவதில் பயனில்லை. மோனோ 128இல் அந்த ஒரு தடத்துக்கு முழு 128உம் கிடைக்கும். முக்கியமாக, எம்பி3இலிருந்து எம்பி3 செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் வேவ் மூலத்திலிருந்தே எடுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): ரபான் இசையோடு பாடிய தொகுப்பொன்றை விற்கத் தொடங்கினோம். வாங்கியவர் போனில் பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ வருகிறது. ஒரே தொகுப்பு ஐந்து தொகுப்பாகவும் பிரிந்து தெரிகிறது.

பதில்: பெயரைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறீர்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான். அதைத் தமிழாகக் காட்டுவது உங்கள் கணினியில் உள்ள எழுத்துரு. வாங்கியவர் போனில் அந்த எழுத்துரு இல்லை, ஆகவே உள்ளே உள்ளது அப்படியே தெரிகிறது. எல்லாப் போனும் வாசிக்கும் யூனிகோடில் திரும்பத் தட்டுங்கள். எழுத்துரு மாற்றியைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபாருங்கள்.

எம்பி3க்குள் பெயர் எழுதும் பகுதியை ஐடி3 டேக் என்பார்கள். அதன் முதலாம் பதிப்பில் ஒரு பெயருக்கு 30 இடம்தான், யூனிகோடும் இல்லை. அதை அழித்துவிட்டு 2.3ஆம் பதிப்பில், யூனிகோடைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்16 ஆக எழுதுங்கள். பழைய கார் ரேடியோ முதல் புதுப் போன் வரை அதிகம் வாசிப்பது அதைத்தான். விண்டோஸில் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும், முழுத் தொகுப்பையும் ஒரே தடவையில் திருத்தலாம்.

ஐந்தாகப் பிரிவதற்குக் காரணம், 'அல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டது. பாடகர் ஐந்து பேர் என்றால் போன் ஐந்து தொகுப்பு என்று எடுத்துக்கொள்ளும். பாடகர் கட்டத்தில் அவரவர் பெயரையும், 'அல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் எல்லாப் பாட்டுக்கும் குழுவின் பெயரையும் எழுத்துப் பிசகாமல் ஒரேமாதிரிப் போடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிசகு ஒன்றும் உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றைக் குறியான கொம்புக்காலோடு, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் ஒன்று மற்றதில் அகப்படாது. கடை முழுவதும் ஒரே விசைப்பலகையால் தட்டுங்கள். கோப்பின் பெயரை மட்டும் ரோமன் எழுத்தில், பாட்டு எண்ணோடு சுருக்கமாக வையுங்கள். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் பிடிக்கும், 255 பைட்டுக்கு மேல் பல கணினிகள் ஏற்காது. பாட்டுகளை ஒன்றாகக் கட்டிய சிப் பொதியை விரிக்கும்போது தமிழ்ப் பெயர் சிதைவதும் உண்டு. அட்டைப்படத்தைக் கடைக்கு 3000க்கு 3000 புள்ளியில் வைத்துக்கொண்டு, பாட்டுக்குள் 600க்கு 600 அளவுச் சிறுபடம் ஒட்டுங்கள். பெரிய படத்தை ஒட்டினால் ஒவ்வொரு பாட்டோடும் அதன் பாரமும் இறங்கும்.

கேள்வி (காரைதீவு): கடைப்பக்கம் தயார். காசு வாங்குவதுதான் பிரச்சினை. உள்ளூர் ஆட்களுக்கு என்ன வழி, வெளிநாட்டு ஆட்களுக்கு என்ன வழி? ஒரு பாட்டு ஒரு டொலர் என்று விற்கலாமா?

பதில்: முதலில் உள்ளூர். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலோடு போக வேண்டும். அந்தப் பதிவை வைத்துத்தான் வங்கியில் வியாபாரப் பெயரில் கணக்குத் திறக்கலாம், இணையத்தில் அட்டைக் காசை வாங்கித் தரும் பேஹியர் போன்ற கட்டண வாயில்களும் அதைக் கேட்கலாம். வாயில்கள் உங்கள் தளத்தையும் பார்க்கும். விலை, தொடர்பு விபரம், பணம் திருப்பும் விதி, தனியுரிமை விதி ஆகிய நான்கும் பக்கத்தில் இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். "தரவிறக்கம் தொடங்கிய பின் பணம் திருப்பப்படாது, கோப்பு பழுதென்றால் மாற்றித் தரப்படும்" என்ற இரண்டு வரி போதும், ஆனால் எழுதியிருக்க வேண்டும்.

வாயில் கிடைக்கும் வரை லங்காகியூஆர் (போனில் கியூஆர் படத்தைப் பிடித்துக் காசு செலுத்தும் முறை) அல்லது வங்கிப் பரிமாற்றம் மூலம் வாங்கலாம். வாங்குபவர் காசு கட்டிய துண்டை வட்ஸ்அப்பில் அனுப்புவார், நீங்கள் லிங்கைக் கையால் அனுப்புவீர்கள். கிழமைக்கு இருபது விற்பனை வரை இது தாங்கும். துண்டின் படத்தை நம்பி லிங்க் அனுப்பாதீர்கள். பழைய துண்டில் திகதியை மாற்றி அனுப்புவது சுலபம். கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்தபிறகே அனுப்புங்கள். பரிமாற்றக் குறிப்பில் வாங்குபவரின் போன் இலக்கத்தின் கடைசி நான்கு எண்ணைப் போடச் சொன்னால் யாருடைய காசு என்று தேடி அலைய வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பக்கம் சிக்கலானது. இலங்கையில் திறக்கும் பேபால் கணக்கு நெடுங்காலமாகக் காசு கொடுக்கத்தான் உதவியது, வாங்க உதவவில்லை. ஸ்ட்ரைப் இலங்கை வியாபாரத்துக்குக் கணக்குத் திறந்ததில்லை. பாண்ட்கேம்ப் போன்ற கடையில் தரவிறக்க விற்பனைக்கு 100க்கு 15 எடுத்துக்கொண்டு, மீதியைப் பேபால் வழியே கலைஞருக்கு அனுப்புகிறார்கள். ஆகவே தொடங்கும் நாளில் இலங்கைக் கணக்கின் நிலை என்னவென்று பேபால் தளத்திலேயே பார்த்துவிட்டு இறங்குங்கள். கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் உறவினர் பெயரில் கணக்கு வைப்பதுதான் பலர் செய்வது. அப்படியென்றால் அது அவருடைய வருமானமாக அங்கே கணக்கில் வரும், வரியும் அவர் தலையில் விழும். அண்ணன் தம்பி என்றாலும் எத்தனை வீதம் அவருக்கு, எத்தனை நாளுக்கொரு தடவை அனுப்புவது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். இங்குள்ள வாயில்கள் ஊடாக வெளிநாட்டு வீசா, மாஸ்டர் அட்டையும் ஏற்கலாம். உங்கள் கணக்குக்கு அந்த வசதி உண்டா என்று திறக்கும்போதே கேளுங்கள்.

ஒரு டொலர்ப் பாட்டு நட்டம். அட்டைக் கட்டணம் என்பது வீதமும் ஒரு நிலையான தொகையும் சேர்ந்தது. அமெரிக்காவில் ஸ்ட்ரைப் எடுக்கும் 100க்கு 2.9, கூட 30 சதம் என்பதை வைத்துப் பாருங்கள். ஒரு டொலரில் 33 சதம், அதாவது மூன்றில் ஒரு பங்கு, போய்விடும். எட்டு டொலர்த் தொகுப்பில் போவது 53 சதம். வெளிநாட்டுக்குத் தொகுப்பாகவே விற்றுவிடுங்கள். தனிப்பாட்டு வேண்டுமென்றால் குறைந்தது மூன்று பாட்டுப் பொதியாகக் கட்டுங்கள்.

கேள்வி (திருக்கோவில்): கண்ணகி அம்மன் குளுத்திப் பாடல், காவியம், ஊரில் பாடும் கவி இவற்றை இசையோடு வெளியிடப் போகிறோம். நாட்டார் பாட்டுத்தானே, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை அல்லவா? இடையில் இரண்டு சினிமாப் பாட்டு மெட்டும் வருகிறது.

பதில்: கேட்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்குக்கென்றே ஒரு பிரிவை, 24ஆம் பிரிவை, வைத்திருக்கிறது. வணிக நோக்கில் அதைப் பதிந்து பரப்புவதற்கு, கலாசார விடயத்துக்குரிய அமைச்சர் குறிக்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும், கட்டணமும் உண்டு. எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து வந்த பாட்டு என்று குறிப்பிடவும் வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடமிருந்து தொடங்குங்கள். கிராமத்தின் பெயரை அட்டையிலும் டேக்கிலும் போடுங்கள். சட்டம் கேட்பதால் மட்டுமல்ல. தம்பிலுவில் வழக்கும் மண்டூர் வழக்கும் ஒன்றல்ல, கேட்பவருக்கு அந்த வேறுபாடு தெரிய வேண்டும். சடங்கில் மட்டும் பாட வேண்டிய பகுதி எது என்று சடங்கை நடத்தும் கப்புகனாரிடமும் கோயில் நிருவாகத்திடமும் கேட்டு, அதை விற்பனையிலிருந்து விலக்கி வையுங்கள். அதற்குச் சட்டம் தேவையில்லை.

எழுதியவர் தெரிந்த பாடல் என்றால் அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் உரிமை உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் காலமானார். எப்படிக் கணக்குப் பார்த்தாலும் 2017ஓடு காலம் முடிந்தது, அவர் கவிதைகளுக்கு நீங்கள் மெட்டமைத்து விற்கலாம். ஆனால் அதே கவிதைக்கு இன்னொருவர் போட்ட மெட்டை எடுத்தால் அது அவருடையது. ஒலிப்பதிவுக்கும் பாடியவருக்கும் தனியாக 50 ஆண்டு உரிமை இருக்கிறது.

சினிமா மெட்டை வெட்டிவிடுங்கள். இந்தியாவும் இலங்கையும், நாடுகள் ஒன்றின் படைப்புகளை மற்றது காக்கும் பேர்ண் உடன்படிக்கையில் இருக்கின்றன, அங்கத்திய பாட்டு இங்கேயும் பாதுகாப்புள்ளது. வரிகளை மாற்றிவிட்டோம் என்பது பதிலாகாது, மெட்டும் ஒருவரின் சொத்து.

பாடியவர், மத்தளம் அடித்தவர், கூத்துப் பழக்கும் அண்ணாவியார், ஒலிப்பதிவாளர் என்று எல்லாரிடமும் ஒரு பக்க ஒப்பந்தம் வாங்குங்கள். உரிமை கைமாறுவதும் அனுமதி கொடுப்பதும் எழுத்தில், இரு பக்க ஒப்பத்தோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். பாட்டின் பெயர், பதிந்த திகதி, தரவிறக்கமாக விற்க அனுமதி, எத்தனை ஆண்டுக்கு, எத்தனை வீதம், பெயர் எப்படி அச்சாக வேண்டும். இவ்வளவும் இருந்தால் போதும். மூத்த அண்ணாவியாருக்கு வாசித்துக் காட்டி, அவர் கேட்கும் திருத்தத்தைக் கையால் எழுதிச் சேர்த்து, ஒரு பிரதியை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பிறர் காணொலியில் உங்கள் பாட்டு வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கொன்டென்ட் ஐடியில் நாட்டார் பாட்டுத் தொகுப்பைச் சேர்க்காதீர்கள். பாட்டைப் பல தளங்களுக்கு அனுப்பிவைக்கும் விநியோக நிறுவனங்களின் படிவத்தில் அதற்கு ஒரு சரிக்குறி இருக்கும், கவனியாமல் போட்டுவிட்டால் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் அதே பாட்டைப் பாடிப் போடும்போது அவர்கள் காணொலிமேல் உங்கள் உரிமைக் கோரல் போய் விழலாம்.

கேள்வி (மண்டூர்): 1980களில் பதிந்த கூத்துக் கசெட்டுகள் வீட்டில் இருக்கின்றன. இவற்றைத் தரவிறக்கமாக்கலாமா?

பதில்: உரிமையை மேலே சொன்னபடி பாருங்கள். 1984இல் வெளியான ஒலிப்பதிவுக்கு 2034 முடியும் வரை உரிமை உண்டு. விற்க முடியாவிட்டாலும் இன்றே இலக்கமாக்கி வையுங்கள், நாடா காத்திருக்காது.

வாவிக் காற்றின் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் சுருளின் மேல் வெண்பொடியாகத் தெரியும். அதை அப்படியே ஓடவிட்டால் கருவியின் தலையும், பிறகு போடும் நல்ல கசெட்டும் கெடும். அப்படிப்பட்டதைத் தனியே எடுத்து வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அடுத்து, கசெட்டின் வாய்ப்பக்கம் நடுவில் சிறு கம்பளித் துண்டு ஒன்று செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கி, ஏறி இறங்கும். பலர் நாடா போய்விட்டது என்று எறிவது இதனால்தான். உதவாத இன்னொரு கசெட்டிலிருந்து அதைக் கழற்றி மாட்டினால் சரி.

ஒவ்வொரு கசெட்டுக்கும், நாடாவை வாசிக்கும் தலையின் சாய்வைத் திருத்துங்கள். மோனோவில் கேட்டபடி தலைக்குப் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்ப, சல்லரி மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். ஒரு மணிநேரக் கசெட் ஒரு கிகாபைட்டுக்குச் சற்று மேல் வரும். இரைச்சலை நீக்கும் வேலையைப் பிரதியில் செய்யுங்கள், மூலக் கோப்பைத் தொடாதீர்கள். மூன்று பிரதி வையுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் அல்லது இணையச் சேமிப்பில். 1978 சூறாவளியையும் 2004 கடல்கோளையும் கண்ட கரை இது, மூன்றையும் ஒரே வீட்டில் வைக்க வேண்டாம்.

கேள்வி (கல்முனை): காசு கட்டியவர்கள் 'பாதியில் நின்றுவிட்டது' என்று திரும்பத் திரும்ப அழைக்கிறார்கள். ஐபோன் வைத்திருப்பவர்களோ 'இறங்கியது, காணவில்லை' என்கிறார்கள்.

பதில்: இரண்டும் இரண்டு வருத்தம். வேர்ட்பிரஸ் தளத்தில் வூகொமர்ஸ் என்ற கடை மென்பொருள் வைத்திருந்தால், தரவிறக்க முறையில் 'கட்டாயத் தரவிறக்கம்' என்று இருக்கும். அதில் கோப்பைத் தளத்தின் நிரலே தூக்கிக் கொடுக்கிறது. பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் மலிவான வழங்கியில் (சர்வரில்) அதற்குக் கால எல்லை உண்டு. நெட் மெதுவானவருக்கு 90 மெகாபைட் முடியுமுன் கதவு சாத்தப்படும், விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியாமல் போகும். கோப்புகளைத் தனிச் சேமிப்பில் வைத்து, குறித்த காலத்தில் காலாவதியாகும் லிங்காகக் கொடுங்கள். கிளவுட்ஃபிளேர் ஆர்2 என்ற இணையச் சேமிப்பில் 10 கிகாபைட் வரை சேமிப்பு இலவசம், இறக்கும் அளவுக்கும் காசில்லை. ஃபிளாக்கும் எம்பி3உமாகச் சேர்த்து இருபது தொகுப்பு அதில் அடங்கும். இவ்வகை லிங்குக்கு 7 நாள்தான் உச்சம். 3 நாள் என்று வைத்து, கேட்டால் புதுப்பித்துக் கொடுங்கள். முழுத் தொகுப்புப் பொதியோடு பாட்டுக்கொரு லிங்கும் இருக்கட்டும்.

ஐபோனில் இறக்கிய எம்பி3 'ஃபைல்ஸ்' செயலிக்குள் போய் இருக்கும், மியூசிக் செயலிக்குள் தானாகப் போகாது. கணினி வழியே ஏற்றலாம், அல்லது இலவச விஎல்சி செயலியில் திறக்கலாம். இதைப் படத்தோடு நான்கு வரியாக எழுதி, லிங்க் போகும் அதே மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள். அழைப்புப் பாதியாகக் குறையும்.

கேள்வி (வாழைச்சேனை): ஒருவர் வாங்கி வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். பூட்டுப் போட முடியுமா?

பதில்: முடியாது என்றே வையுங்கள். ஐடியூன்ஸ் கடையே 2009இல் பாட்டுகளின் பூட்டைக் கழற்றிவிட்டது. பூட்டினால் காசு கொடுத்தவருக்குத்தான் பாட்டு ஓடாது. ஐடி3 டேக்கின் குறிப்புக் கட்டத்தில் "இன்னாருக்காக" என்று வாங்கியவர் பெயரையும், கூடவே கடை முகவரியையும் எழுதுங்கள். பெயர் உள்ள பாட்டைக் குழுவில் போடக் கை தயங்கும். போட்டாலும், கேட்டவருக்கு எங்கே வாங்கலாம் என்று தெரியும்.

கேள்வி (ஆரையம்பதி): எப்போது வெளியிடுவது? வந்த காசை எப்படிப் பிரிப்பது?

பதில்: கண்ணகி பாடல் என்றால் வைகாசிச் சடங்குக்கு மூன்று கிழமை முன், மாமாங்கேஸ்வரர் பாடல் என்றால் ஆடி அமாவாசைத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன். விநியோக நிறுவனம் வழியே பிற தளங்களுக்கும் போகிறதென்றால் நான்கு கிழமை முன்பே கோப்பை ஒப்படையுங்கள். அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் 12 எழுத்துள்ள ஐஎஸ்ஆர்சி எண் வேண்டும், பெரும்பாலும் அவர்களே தருவார்கள். அந்த எண்ணைக் குறித்து வைத்து, நிறுவனம் மாறினாலும் அதையே கொடுங்கள்.

பிரிக்கும் கணக்கை முதலே எழுதுங்கள். உதாரணத்துக்கு, 1,000 ரூபாத் தொகுப்பு 200 விற்றால் 2,00,000. வாயில் 100க்கு 3 எடுத்தால் 6,000 போகும். ஒலிப்பதிவுச் செலவு 80,000ஐக் கழித்தால் மீதி 1,14,000. அதில் பாதி, 57,000, பாடியவர்களுக்கும் வாத்தியகாரருக்கும் என்று ஒப்பந்தம் இருந்தால் மூன்று மாதத்துக்கொரு தடவை கொடுங்கள். விற்ற எண்ணிக்கை, கழிவு, பங்கு மூன்றையும் ஒரு தாளில் அச்சிட்டு காசோடு சேர்த்துக் கொடுங்கள். அந்தக் காலாண்டில் ஒன்றும் விற்காவிட்டாலும் அந்தத் தாள் போக வேண்டும்.